கயிற்றுக்கு வெளியே

"நாயைக் கட்டு, கோல். காலையிலேர்ந்து எத்தனை தடவ சொல்றது?"

உள்ளூர்க்காரன் கோலைப் பார்த்துப் பெர்னி போட்ட சத்தத்தில் கடற்கரையே திரும்பிப் பார்த்தது.

எங்கள் வொம்பரா கடற்கரையில் நாய்கள் இஷ்டத்துக்கு ஓடலாம். ஜனவரியில் மட்டும், உப்புக்கொத்திப் பறவை மணலில் குஞ்சு பொரித்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவோம். அந்தப் பக்கம் வந்தால் நாயை வாரில் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷம் மூன்று குஞ்சில் இரண்டைக் காக்கை கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய ஒன்றைக் காப்பாற்றத்தான் பெர்னி, நான், என் கணவர் டெஸ் மூன்று பேரும் தொண்டர்களின் ஆரஞ்சு சட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தோம்.

தாய்ப் பறவை விடாமல் கத்தியது. நாய்களைப் பார்த்துப் பயப்படுகிறது என்றாள் பெர்னி. நாங்களும் தலையாட்டினோம்.

"கோலுக்குப் பறவையோட அருமை எங்க தெரியப்போகுது? வருஷா வருஷம் வாத்து சுடறவன்," என்று டெஸ் முணுமுணுத்தார்.

கோலின் நாய் பிஸ்கட், மூக்கை மணலில் வைத்து வளைந்து வளைந்து எங்கள் பக்கம் வந்தது.

"பாத்தியா? வேணும்னே விடறான்." பெர்னி ஓடினாள். பின்னாலேயே நானும்.

கயிற்றுக்குப் பத்தடி முன்னால் நாய் சட்டென்று நின்றது. ஒரு முன்னங்கால் அந்தரத்தில், வால் விறைப்பாக. பெர்னி அதன் கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் பாய்ந்தாள்.

"பெர்னி, காலைக் கீழ வைக்காத."

கோல் கத்தவில்லை, கெஞ்சினான். அந்தக் குரலுக்கு அவள் ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள்.

அவன் மெல்ல வந்து, குனிந்து, விரலை நீட்டினான்.

மணலில் ஒரு செருப்புத் தடம். எங்களில் யாருடையதோ. அந்தக் குழிக்குள், எலுமிச்சம்பழ அளவில், மணல் நிறத்தில், ஒட்டிப் படுத்திருந்தது குஞ்சு. அதற்கு நேர் மேலே பெர்னியின் கால்.

எனக்கு உயிரே போய்விட்டது.

பெர்னி காலைப் பின்னால் எடுத்தாள். குஞ்சு எழுந்தது. தீக்குச்சிக் கால்களால் தத்தித் தத்தி, நாயின் வயிற்றுக்கு அடியிலேயே நடந்துபோனது. நாய்க்கு உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனாலும் தூக்கிய காலை அது இறக்கவில்லை.

நாற்பது வருஷமாக இந்தக் கடலைப் பார்க்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

குஞ்சு கயிற்றுக்குள் ஓடியது; தாயும் பறந்து வந்து சேர்ந்தது. தாயின் கத்தல் நின்றது.

பெர்னி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆனாலும் கோல், கட்டியே கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?" குரலில் பழைய காரம் இல்லை.

கோல் நாயின் கழுத்தைத் தடவிக் கொடுத்தான்.

"தாய் காலையிலேர்ந்து கயித்துக்கு வெளியிலதான் சுத்திச் சுத்திக் கத்துச்சு. குஞ்சு வெளிய வந்துடுச்சுன்னு சொல்ல ரெண்டு தடவ வந்தேன். நாயைக் கட்டுன்னு விரட்டிட்ட. நீங்க மூணு பேரும் அங்கயே நடந்துக்கிட்டிருந்தீங்க. மிதிக்கிறதுக்குள்ள கண்டுபிடிக்கணுமே. வாத்து வேட்டைக்குப் பழகினவன், பறவை வாசனை பட்டா தொடாம நின்னு காட்டுவான், அதான் இவனைத் தேடவிட்டேன்."