மஞ்சள் கரைப் பூச்சி

“இதுவா பாருங்க சாமி?”

பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பின்னால் கட்டியிருந்த வெள்ளை வேட்டியைச் சென்னம்மாள் காட்டினாள். புதிதாக ஒரு அந்துப்பூச்சி வந்து ஒட்டியிருந்தது.

விவசாய டெமான்ஸ்ட்ரேட்டர் ராஜப்பன் படம் போட்ட புத்தகத்தோடு குனிந்தார். “இல்லம்மா. இது மாம்பழத்துல ஓட்டை போடற ஜாதி. கம்பளிப்புழுவோட தாய்ப்பூச்சி வெள்ளையா இருக்கும். றெக்கை ஓரத்துல மஞ்சள் கரை ஓடும்.”

“கொஞ்சம் மஞ்சளாத் தெரியுதே சாமி. நல்லாப் பாருங்க.”

நாகரசம்பட்டியில் அவளுக்கு இருந்தது இந்த அரை ஏக்கர் மாந்தோட்டம்தான். நாலு நாளைக்கு முன்னால் மழை விழுந்ததும், மறுநாளே மரங்களுக்கு நடுவில் கடலை விதைத்துவிட்டாள். பிள்ளைகள் கை நீட்டியும் ஒரு கடலைகூடக் கொடுக்காமல், வீட்டிலிருந்த விதை அத்தனையும் போட்டாயிற்று. இந்த வெள்ளாமை போனால் வருஷம் முழுக்கப் பட்டினிதான்.

கம்பளிப்புழு இறங்கினால் ஒரே வாரத்தில் காடு மொட்டை. பாவம், பயப்படாமல் என்ன செய்வாள் என்று ராஜப்பனுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அவர் ஆறு மாசத்துக்கு முன்னால் தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த மனுஷர், மானாவாரி நிலம் அவருக்குப் புதுசு.

அடுத்து ஒன்று வந்தது. சாம்பல் நிறம், தடித்த உடம்பு. “இதுவும் இல்ல” என்றார். சென்னம்மாள் முகம் சுருங்கிப் போயிற்று.

“ஏம்மா, இல்லேன்னா நல்லதுதானே? எதுக்கு மூஞ்சியை இப்படி வச்சுக்கறே?”

அவள் வேட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கோழி கூவியதும் ராஜப்பன் விளக்கை அணைக்கப் போனார்.

“இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டுங்க சாமி.”

“போதும்மா. மூணு ராத்திரி கண்ணு முழிச்சாச்சு, ஒண்ணே ஒண்ணுகூட வரல. உன் கடலை தப்பிச்சுது. போய் நிம்மதியாத் தூங்கு.” புத்தகத்தை மூடியபோது அவருக்கே பெருமையாக இருந்தது.

சென்னம்மாள் விதைத்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் அழுகை நிற்கவில்லை. ராஜப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்னம்மா இது, சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல?”

“அடிமண்ணு வரைக்கும் நனைஞ்சாத்தான் சாமி, உள்ள புதைஞ்சு கிடக்கற அந்தப் பூச்சி வெளிய வரும்... நான் மேல் ஈரத்தைப் பாத்து வெதைச்சுட்டேன்.”