மூன்று நிறங்கள்

"மேல சிவப்பு டாக்டருக்கு, நடுவுல பச்சை எனக்கு, கீழ மஞ்சள் அவ அக்காவுக்கு" என்று முணுமுணுத்தபடியே திரையில் வரும் மூன்று பட்டன்களுக்கும் பைத்தான் கணினி மொழியில் பின்னணி நிறம் எழுதி முடித்தான். புரோகிராமை ஓடவிட்ட கையோடு தொடுதிரையை மனைவியின் பக்கம் திருப்பினான். அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. நிறம் பார்த்து ஒரு பட்டனைத் தொட்டால் அதற்குரியவருக்குப் போன் போகும். அவள் சரியாகச் சொல்லிவிட்டால், நாளைக்காவது அவன் வேலைக்குப் போகலாம். இனி லீவு கேட்டால் வேலையே போய்விடும்.

"டாக்டருக்கு எது?"

"மேல, சிவப்பு."

"எனக்கு?"

"நடுவுல பச்சை. கீழ மஞ்சள், அக்காவுக்கு. உங்க சட்டை ஒண்ணுகூட இவ்வளவு எடுப்பா இல்லை, போங்க!"

"நிஜமாவா?"

"பளிச்சுனு தெரியுது. என்னைக் காவல் காத்தது போதும், நாளைக்குக் கிளம்புங்க."

அவன் சிரித்துக்கொண்டே திரையைத் தன் பக்கம் இழுத்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த வகைப் பட்டன், எந்தப் பின்னணி நிறம் கொடுத்தாலும் காதில் போட்டுக்கொள்ளாது என்பதை மறந்திருந்தான். மூன்றும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன.

"காலையில எத்தனை மணிக்கு எழுப்பட்டும்?" என்றாள் அவள், திரை இருந்த வெற்றிடத்தையே இன்னும் பார்த்தபடி.