இன்னும் ஆறு ஆகவில்லை

கடிகார மெக்கானிக் புதுக் கடிகாரத்தைச் சுவரில் மாட்டி, நேர சிக்னலைப் பிடிக்கும் அதன் ரிசீவரை ஜன்னலோரம் வைத்தார். சிக்னல் கிடைத்ததும் முட்கள் தாமாகவே விறுவிறுவென்று ஓடி, ஐந்தே முக்காலில் நின்றன.

"இதைக் கையால பின்னாடி திருப்ப முடியுமா?" வீட்டு மருமகள் மெல்லக் கேட்டாள்.

"திருப்பினாலும் தானே சரி பண்ணிக்கும்மா. ரேடியோவுல நேரம் வாங்குது, யாரும் ஏமாத்த முடியாது."

அவள் முகம் வெளிறிப்போனது. "அப்போ கழட்டிடுங்க. மாமா ஆர்டர் பண்ணதையே மறந்திருப்பார்."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. "வீட்டுக் கடிகாரம் மெதுவா ஓடுதுன்னு பெரியவர் போன்ல புலம்பினாரே. அது உங்க கைவரிசையா?"

"ஆமா, நான்தான் திருப்பி வைப்பேன்." அவள் உள்ளறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "ஆறு மணிக்குப் பிள்ளை ஆபீஸ்லேர்ந்து வருவான்னு காத்திருப்பார். ஆறு தாண்டினா, எங்கே அவன்னு கேட்பார். என் வீட்டுக்காரர் விபத்துல போயிட்டார்னு நான் மறுபடியும் சொல்லணும். அப்போதான் முதல் தடவையா கேட்கிற மாதிரி நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுவார். அதான், அவர் தூங்குற வரைக்கும் ஆறு ஆகாம பார்த்துக்கறேன்."



அதற்குள் பெரியவர் கம்பை ஊன்றியபடி உள்ளறையிலிருந்து வந்துவிட்டார். "யாருப்பா நீ? மணி என்ன? என் பையன் வர்ற நேரமாச்சா?"

மெக்கானிக் சட்டென்று கடிகாரத்தைக் கழற்றி, முகப்பு தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"இன்னும் அஞ்சுகூட ஆகலை ஐயா. நீங்க கொஞ்ச நேரம் படுத்து எழுந்திரிங்க."