துக்கத்துக்குப் போன வேன்

வசுமதியின் சித்தி மகள் சுலோச்சனாவின் கணவர் இறந்து ஐந்து நாளாகியிருந்தது. துக்கம் விசாரிக்கத்தான் சொந்தக்காரர்கள் விடியற்காலையில் வேன் பிடித்து மலையேறினார்கள். முதல் ஏரி தெரிந்ததும், "வந்தது வந்தோம், ரெண்டு நிமிஷம் நிறுத்துங்கண்ணே" என்று டிரைவரிடம் சொன்னவள் வசுமதிதான். அதற்குப் பிறகு நிறுத்தச் சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. இரண்டாவது ஏரியில் படகேறினார்கள். மூன்றாவது ஏரிக்கரையில் மிளகாய்ப்பொடி தடவிய சோளம் தின்றார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்ததில் வசுமதிக்கு வயிறே வலித்தது.

வீடு வந்தபோது மணி மூன்று. செருப்பைக் கழற்றுமுன் எல்லோரும் முகத்தை மாற்றிக்கொண்டார்கள். சுலோச்சனா வாசலிலேயே வசுமதியைக் கட்டிக்கொண்டு அழுதாள். வசுமதிக்கும் அழுகை வந்தது, நிஜமாகவே. முதுகைத் தடவிய சுலோச்சனா அக்காவின் கை தலைக்கு ஏறி, காதோரம் நின்றது. அப்போதுதான் வசுமதிக்கு உறைத்தது. ஏரிக்கரையில் மட்டுமே பூக்கும் நீலப்பூ, வழியில் பறித்துச் செருகியது. மற்றவர்கள் பார்க்குமுன் சுலோச்சனா அதை மெல்ல உருவி உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். அழுகையை நிறுத்தவில்லை.

பிறகு பாயில் உட்கார்ந்து, அவர் எப்படிப் போனார் என்று சொன்னாள். வலது கையால்தான் கண்ணைத் துடைத்தாள். இடது கை மடியில் மூடியே கிடந்தது.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. எல்லோரும் பேசாமல் எழுந்தார்கள். சுலோச்சனா வசுமதியை மட்டும் அருகில் இழுத்து, மற்றவர் காதில் விழாமல் கேட்டாள்.

"ஏரியில தண்ணி நிறைய கெடக்காடி?"