காரின் முகம்

திரையில் மெல்லச் சுழன்ற, புது மாடலுக்கான கான்செப்ட் காரைப் பார்த்ததும் தலைமை வடிவமைப்பாளர் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது? ஹெட்லைட் ரெண்டும் முறைக்குது. குடும்பத்தோட போற கார், பார்த்தாலே குழந்தைங்க அழுதுடும். சாயங்காலத்துக்குள்ள மாத்து. இல்லேன்னா வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்."

அதை வரைந்திருந்த இளம் வடிவமைப்பாளரான அவள் தன் இருக்கையில் அமர்ந்து தாள் தாளாக வரைந்து பார்த்தாள். எதுவும் பிடிபடவில்லை. மதியம் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் எதையோ பார்த்தவள், சட்டென்று டிஜிட்டல் பேனாவை எடுத்தாள். விளக்குகளின் ஓரத்தைக் கீழே இறக்கி, முகப்பின் வளைவைத் தளர்த்தி, காலை வெயில் படுவதுபோல் வெளிச்சம் கொடுத்தாள்.

சாயங்காலம் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எவ்வளவு சாந்தமா சிரிக்குது! யாரைப் பார்த்தும்மா வரைஞ்சே?"

"உங்களைத்தான் சார். மத்தியானம் பேத்திகூட போன்ல பேசிட்டிருந்தீங்களே, அந்த முகம்."

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "அப்போ காலையில முறைச்சதே, அது யாரு?"

அவள் தயங்கினாள்.

"அதுவும் நீங்கதான் சார். மீட்டிங்ல."

அவர் திரையின் ஓரத்தில் பிரதிபலித்த தன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "எல்லாரையும் கூப்பிடு, படத்தை நானே காட்டுறேன்" என்றார், முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டபடி.