இருட்டறை யோசனை

"மாப்ளே, எல்லாத்தையும் வித்துடவா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு."

கண்ணாடிக் கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். அக்காவின் கணவர் கடைக்கு வந்தால் பங்குச் சந்தை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஏறுகிற நாளில் இந்தப் பக்கம் தலைகூடக் காட்ட மாட்டார்.

"முதல்ல உக்காருங்க அத்தான். வேர்த்துக் கொட்டுது."

"வேர்க்காம என்ன செய்யும்? மூணு வாரமா சறுக்கிக்கிட்டே போகுது. அடுத்த மாசம் புது வீட்டுக்கு ரெண்டாவது தவணை கட்டணும். தவறினா வீடும் போச்சு, குடுத்த முன்பணமும் போச்சு. அத்தனை காசும் பங்குலதான் கிடக்கு."

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இருபது வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, யார் யாரோ வண்டியைச் சுவரை நோக்கி விடுவதைப் பார்த்தும் அசராத மனிதர். சந்தை நாலு படி இறங்கினால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது.

"அக்கா என்ன சொல்றா?" கடைக்காரர் ஒன்றும் அறியாதவர் போலக் கேட்டார்.

"நல்லாக் கேட்டே. உங்கக்காவுக்கு வெங்காயம் ஏறினா தெரியும். பங்கு ஏறினா தெரியுமா? நீதான் மூளைக்காரன். சொல்லு."

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "அஞ்சு நிமிஷம் குடுங்க. உள்ளே போய் யோசிச்சுட்டு வரேன்."

உள்ளே என்றால் கண் பரிசோதிக்கிற இருட்டறை. கதவைச் சாத்தினார். யோசிக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டார்.

மூளைக்காரரின் பெயரில் ஒரு பங்குகூடக் கிடையாது என்பதுதான் சங்கதி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா பேச்சைக் கேட்டு அத்தான் ஒரு சிமென்ட் கம்பெனிப் பங்கை வாங்கினார். அது பாதியாய்க் கரைந்தது. அத்தான் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அக்காதான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். "இனிமே பங்கைப் பத்தி அவர்கிட்ட வாயே திறக்க மாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து தம்பியிடம்தான் திறக்கிறாள்.

"வந்துட்டாரா?" என்றாள் அக்கா.

"வந்துட்டார். எல்லாத்தையும் விக்கணும்னு குதிக்கிறார்."

"குதிக்க விடாதே. தவணைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுக்கு மட்டும் இன்னைக்கே வித்து பேங்க்ல போடச் சொல்லு. சந்தை என்னைக்கு ஏறும்னு யாருக்கும் தெரியாது. தவணை என்னைக்குன்னு நமக்குத் தெரியும். மருந்துக் கம்பெனியையும் அந்த ரெண்டு பேங்கையும் தொட வேண்டாம். விமானக் கம்பெனியைத் தள்ளிவிடச் சொல்லு."

"அது நஷ்டத்துல இருக்கே அக்கா."

"இருக்கட்டும். அவன் கடன் மேல கடன் வாங்கிப் பறக்கறான்டா. நேத்து பகல் பூரா அவன் வருஷ அறிக்கையைப் படிச்சேன். எறும்பு மாதிரி எழுத்து, கண்ணுல தண்ணியா ஊத்துது. நான் சொன்னேன்னு மூச்சு விட்டுடாதே."

"எனக்கு எதுக்கு இந்த வேஷம்? நீயே சொல்லிடேன்."

"மறுபடி விழுந்தா? வேண்டாம்பா. திட்டு வாங்கினா நீ தாங்குவே."

கடைக்காரர் வெளியே வந்தபோது அத்தான் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். மூக்கின்மேல் மெல்லிய சிவப்பு பிரேம்.

"அத்தான், அது லேடீஸ் பிரேம்."

"அப்படியா? லேசா இருக்கேன்னு பாத்தேன்." கழற்றினார், ஆனால் கீழே வைக்கவில்லை.

கடைக்காரர் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி, தவணை, பேங்க், மருந்து என்று அக்கா சொன்னதை வரி பிசகாமல் ஒப்பித்தார். அத்தான் பவ்யமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"விமானக் கம்பெனியை ஏன் விக்கணும்?"

"கடன் மேல கடன் அத்தான். வருஷ அறிக்கை பூரா படிச்சேன். எறும்பு மாதிரி எழுத்து, கண்ணுல தண்ணியா ஊத்துது."

"அடடா. தண்ணி ஊத்துதா?"

"பின்னே?"

அத்தான் அங்கேயே உட்கார்ந்து, போனில் விற்க வேண்டியதை விற்று முடித்தார். தவணைப் பணம் ஒதுங்கிவிட்டது. முகத்தில் வேர்வை அடங்கியது. வாய் தானாகக் கதைக்குத் தாவியது.

"காலையில ஒரு அம்மா வந்தாங்க மாப்ளே. போன வருஷம் சுவத்துல மோதினதுலேர்ந்து ஸ்டீயரிங்னாலே நடுக்கம். 'நீங்க சும்மா பிடிச்சுக்கோங்க, வண்டி என் கால்லதான் இருக்கு'ன்னேன். பத்து தெரு ஓட்டிட்டாங்க."

"உங்க கால் இருக்கற தைரியம்தான்."

"என் கால் பிரேக் பக்கமே போகல." அத்தான் எழுந்து, அந்தச் சிவப்பு பிரேமை மேஜைமேல் வைத்தார். "இதுக்குப் படிக்கிற பவர் போட்டுக் குடு."

"யாருக்கு அத்தான்?"

"எறும்பு எழுத்துப் படிச்சுக் கண்ணுல தண்ணி ஊத்துதே, உங்கக்காவுக்குத்தான்" என்றார் அத்தான், பர்ஸை எடுத்தபடி. "நீயா குடுத்ததா சொல்லிடு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அடுத்த தடவை போனை எடுக்கப் பயப்படுவா."