மூடியதும் சொல்

அரிசிமணி அளவுதான் இருந்தது.

ட்யூபை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள். ஒரு தவளையின் ஈரல் துண்டு. லேபிளில், அப்போது அவளோடு வேலை பார்த்தவனின் கையெழுத்து: ‘வால்பாறை, மாலை 5.40, மழை.’

ஒன்பது வருடமாக ஃப்ரீஸரில் இருக்கிறது. தவளையைப் பிடித்த குட்டை இப்போது இல்லை.

அப்போதெல்லாம் துண்டை இரண்டாக வெட்டுவார்கள். டிஎன்ஏவுக்கு ஒரு பாதி, ஆர்என்ஏவுக்கு ஒரு பாதி. இதை வெட்டினால் இரண்டுக்குமே போதாது. அதனால்தான் யாரும் தொடவில்லை. இன்று வெட்டாமலே இரண்டையும் எடுக்கப் போகிறாள்.

ஒரே ஒரு முறைதான் முடியும்.

அது எந்த இனத் தவளை என்று டிஎன்ஏ சொல்லும். 5.40க்கு அந்த உடம்பு என்ன செய்துகொண்டிருந்தது என்று ஆர்என்ஏ சொல்லும்.

அந்த மாலையில் மிச்சம் இது மட்டும்தான்.

மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டாள். ட்யூப் திறந்திருக்கும்போது பேசக் கூடாது. எச்சில் ஒரு துளி தெறித்தாலும் ஆர்என்ஏ சிதைந்துவிடும்.

பேசாமலிருப்பது அவனுக்குத்தான் பெரும்பாடு. கன்னத்தை உப்பிக்கொண்டு எதிரே நிற்பான். மூடி ‘டிக்’கென்றதும் கொட்டித் தீர்ப்பான்.

“யம்மா தாயே, ஒருவழியா மூடிட்டியா? மூச்சு முட்டுது.”

அன்று குட்டையோரத்திலும் கன்னத்தை உப்பிக்கொண்டுதான் நின்றான்.

அவள் துண்டை உள்ளே போட்டாள். மேலே சாலையில் பஸ் ஹாரன் அடித்தது. திறந்த ட்யூபை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது அவன் மழையில் நின்று மூடியை அழுத்திக்கொண்டிருந்தான்.

பிறகு அவள் பக்கமாகக் கையை ஆட்டி ஏதோ சொன்னான். கேட்கவில்லை.

மறுநாள் இறக்கத்தில் அவன் வந்த ஜீப் உருண்டது. ஐஸ் பெட்டி மட்டும் திறக்காமல் கிடைத்தது.

அவன் மூடிய மூடியைக் கட்டைவிரலால் நெம்பினாள்.

துண்டை அரைத்தாள். மருந்து சேர்த்துச் சுழலவிட்டாள். திரவம் மூன்று அடுக்காகப் பிரிந்தது. மேலே தெளிந்த நீர், அதில் ஆர்என்ஏ. நடுவே பாலாடைபோல் மெல்லிய வெள்ளை, அதில் டிஎன்ஏ. அடியில் இளஞ்சிவப்பு.

மேல்நீரை மெதுவாக உறிஞ்சி எடுத்தாள். பழைய நாட்களில் அதோடு வேலை முடிந்துவிடும். கை தானாக மீதியைக் கழிவுப் புட்டிக்குக் கொண்டுபோனது.

புட்டியின் வாய்க்கு மேலே நின்றது.

மீதியைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்தாள்.

மாலைக்குள் இரண்டும் கிடைத்துவிட்டன. சிதையாமல்.

மேசையில் பழைய ட்யூப் இருந்தது. காலி. எறிந்துவிடலாம்.

அதையும் மூடினாள். டிக்.

மாஸ்க்கை இறக்கினாள்.

“ம், இப்பச் சொல்லு.”